கனம் பார்த்து எடுத்த வீடியோ கேம்

எங்கள் வீட்டுக்காரர் எந்தச் சாமானையும் முதலில் தூக்கித்தான் பார்ப்பார். டிவி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டெலிபோன் எதுவானாலும் சரி. கடைக்காரர் அதன் பெருமையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் இரண்டு கையையும் அடியில் கொடுத்து, கொஞ்சம் உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு கீழே வைத்துவிட்டு, "கனம் பத்தாதுங்க" என்பார். இல்லாவிட்டால், "பரவால்லீங்க, எடுக்கலாம்" என்பார். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

பாலுசாமி என்று கேட்டால் நாங்கள் இருக்கிற கணபதி வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பம்புக்காரர் என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். சொந்தமாக ஒரு சின்ன வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறார். கிணற்றுப் பம்புக்கு வேண்டிய இரும்புக் கூடுகளை வார்த்து, கடைந்து, பம்பாகப் பூட்டி விற்கிறோம். வாங்க வருகிற விவசாயிகள் விலை கேட்பதற்கு முன்னால் பம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். இரும்பு மெலிசாக இருந்தால் இரண்டு கோடை தாங்காது, விரிசல் விட்டுவிடும். கனமாக இருந்தால் பேரன் காலத்திலும் தண்ணீர் இறைக்கும். பம்பு விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இவர் உலகத்தில் இருக்கிற எல்லாச் சாமானையும் பம்பு என்றே நினைத்துவிட்டார், அதுதான் கோளாறு.

அவருடைய கருத்துகளை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிமோட் மனிதனைச் சோம்பேறி ஆக்கிவிடும் என்பார். அந்த ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதும் அவர்தான். பேஜர் வந்த புதிதில், "கூப்புடறவன் என்ன சேதின்னு சொல்ல மாட்டானாம், வெறும் நம்பரப் பாத்துப்போட்டு நாம போன் பூத்துக்கு ஓடோணுமாமா?" என்று ஒரு வாரம் சிரித்தார். ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதன் டிவி மாதிரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "நல்லாக் கனமா இருக்குது, இது நெலச்சு நிக்குமுங்க" என்று ஆசீர்வாதம் செய்தார். அடுத்து மவுசைக் கையில் எடுத்தார். அதோடு கம்ப்யூட்டர் மேல் இருந்த மரியாதை பாதி போய்விட்டது.

இருந்தாலும் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால், பெண்ணுக்குச் சீர் சாமான் எடுக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வேனில் வருவார், கூட நின்று பேரம் பேசுவார், டீச் செலவும் அவரே பார்த்துக்கொள்வார். பிறகு ஏன் கூப்பிடமாட்டார்கள்? கேட்டால் சந்தோஷப்படுவார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கேம் இருந்தது. என் தம்பி சிங்கப்பூரிலிருந்து எங்கள் மகனுக்காகக் கொண்டுவந்தது. டிவியில் ஒயரைச் செருகி, மேலே கேசட்டைச் சொருகி ஆடுவது. இவர் அதைத் தூக்கிப் பார்த்து, "பஞ்சாட்டம் இருக்குது. தீபாவளி தாண்டாது" என்றார். மூன்று தீபாவளி தாண்டிவிட்டது. இவருக்கும் ஆட்டம் பிடிக்காமல் இல்லை. பொழுதோடு பட்டறையிலிருந்து வந்தால் கார் ஆட்டம் ஒன்று ஆடுவார். ஆடிக்கொண்டே, "இத்தன வெசையாப் போற வண்டிக்கு எங்கியாவது ஆயில் மாத்துறானா பாரு" என்று குறை சொல்வார். குதித்துக் குதித்து ஓடுகிற ஆட்டம் மட்டும் ஆகாது. "எதுக்கு இப்படிக் குதிக்கறான்? ஒரு பக்கம் உக்காந்து பேசித் தீத்துக்கலாமல்ல?" என்பார்.

அந்த வீடியோ கேமில்தான் இவருடைய தங்கச்சி சாந்தாமணி வந்து சேர்ந்தாள்.

சாந்தாமணியைப் பொள்ளாச்சியில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கொப்பரை வியாபாரம். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். தொண்ணூற்றைந்து ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாந்தாமணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வர்ஷினி என்று ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு. மாமனார் மாமியார் இல்லை. கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. வருகிற ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி என்ன கண்ணு பண்ணப்போற?" என்று கேட்பார்கள். எனக்கே எரிச்சலாக வரும். அவள் தரையைப் பார்ப்பாள். மத்தியானம் வீடு ஓய்ந்ததும் டிவி முன்னால் போய் உட்காருவாள். முதலில் சும்மா பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் என் மகனே பார்த்து வாயைப் பிளக்கிற அளவுக்கு ஆடினாள். ஒருநாள் பீரங்கி வண்டிகளைச் சுடுகிற டாங்கி ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். சமையல்கட்டில் இருந்த நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு அழுதுவிட்டேன்.

"அதுல அப்படி என்னம்மணி இருக்குது?" என்று கேட்டேன்.

"அந்தப் பொட்டி ஒண்ணுதானுங்க நங்கை, இனி என்ன பண்ணப்போறேன்னு என்னையக் கேக்கல" என்றாள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கும் கருத்துகள் இருந்தன. அண்ணனைப் போல ஊருக்கே கேட்கும்படி சொல்லமாட்டாள், நாம் கேட்டால்தான் சொல்வாள். ஒரு ஆட்டம் நல்ல ஆட்டமா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். "தோத்தா நம்ம தப்புலதான் தோக்கோணுமுங்க. பட்டனோட தப்புல தோக்கக்கூடாது. அப்பத்தான் மறுக்கா ஆடோணும்னு தோணும்" என்றாள்.

வருஷம் திரும்பியதும் பொள்ளாச்சிக்கே போனாள். அது அவள் புருஷன் வீடு, அங்கேதான் பெண் வளர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். பக்கத்து வீட்டில் அவளுடைய மச்சாண்டார், அதாவது புருஷனின் அண்ணன் வெங்கடபதி. உரக்கடை வைத்திருப்பவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என் நாக்கு வராது. தம்பி குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எதுவும் குறைய விட்டதில்லை. ஆனால் ஒரு சோப்புக் கட்டி வேண்டுமென்றாலும் அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதையும் நேராகக் கேட்க முடியாது. மச்சாண்டார் முன்னால் தம்பி மனைவி உட்காருவது எங்களில் வழக்கமில்லை. கதவோரம் நின்று, பெண்ணிடம் சொல்வது போல, "வர்ஷினி, சோப்பு தீந்துபோச்சுன்னு பெரியப்பாகிட்டச் சொல்லு" என்று சொல்ல வேண்டும். அவர் நான்கு அடி தள்ளித்தான் நிற்பார். இருந்தாலும், "சாயங்காலம் குடுத்தனுப்பறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்பார்.

சாந்தாமணிக்கு அது போதவில்லை. வீட்டின் முன்னறை அவள் புருஷன் கொப்பரைக் கணக்குப் பார்த்த அறை, தெருவைப் பார்த்தாற்போல இருக்கும். அங்கே நான்கு டிவியும் நான்கு வீடியோ கேமும் போட்டுப் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் ஆட விடலாம் என்று யோசித்தாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்த மாதிரி ஒரு கடை வந்து கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. வெங்கடபதிக்கு அந்த அறையில் உர மூட்டை அடுக்கும் எண்ணம். வர்ஷினி மூலமாக நாலைந்து நாள் பேச்சு நடந்தது. கடைசியில் அவர், "பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் நடத்திப் பாக்கட்டும். ஓடலீன்னா நாம மூட்டை அடுக்கிக்கலாம்னு சொல்லு கண்ணு" என்றார்.

அதாவது அந்தக் கோடை விடுமுறை மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தது. ஓடினால் அறை அவளுக்கு, கையில் சொந்தச் சம்பாத்தியம். ஓடாவிட்டால் கடைசி வரைக்கும் கதவோரம்தான்.

"நாலு மிசினு மட்டும் பாத்து எடுத்துக் குடுங்கண்ணா" என்று இவரிடம் கேட்டாள். இவர் அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் மூன்று பேரும் பெரிய கடைவீதிப் பக்கம் கலீல் ரஹ்மான் கடைக்குப் போனோம். டேப் ரிக்கார்டர், கடிகாரம், வீடியோ கேம் எல்லாம் வைத்து விற்பவர். உட்கார வைத்து டீ வரவழைக்காமல் வியாபாரமே பேசமாட்டார். இரண்டு தினுசு வீடியோ கேமை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று வெள்ளை, மெலிசாக இருந்தது. இன்னொன்று கறுப்பு, பார்க்கவே தடிமனாக இருந்தது. இவர் வெள்ளையைத் தூக்கினார், உதட்டைப் பிதுக்கினார். கறுப்பைத் தூக்கினார். முகம் மலர்ந்துபோனது.

"இதப் பாரு கண்ணு. சாமான்னா இப்படி இருக்கோணும். உள்ள என்னமோ போட்டிருக்கறான்."

கலீல் பாய் இரண்டையும் டிவியில் மாட்டிக் கொடுத்தார். சாந்தாமணி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் ஆடிப் பார்த்தாள். கறுப்பில் ஆடும்போது அவள் கட்டைவிரல் ஒரு பட்டனில் நின்று நின்று வருவதை நான் கவனித்தேன். மூஞ்சி சுருங்கியது.

"ஆடறவ அவ. அவளையே கேளுங்க" என்றேன் நான். 

"உனக்கு மிக்ஸியே சரியாப் பாக்கத் தெரியாது, நீ சும்மா இரு" என்றார் இவர். பிறகு தங்கச்சியிடம் திரும்பி, "ஏங் கண்ணு, கறுப்பே எடுத்துக்கலாமல்ல?" என்றார். அது கேள்வி இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணன் சொன்னாச் சரிங்க" என்றாள் சாந்தாமணி.

கலீல் பாய் தாடியைத் தடவினார். "கறுப்பும் நல்லாத்தான் போகுதுங்க. எங்க ஊட்டுல புள்ளைங்க ஆடறது வெள்ளைதானுங்க. உங்க இஷ்டமுங்க" என்றார். மரியாதைக்கு மேல் மரியாதை. ஒருவர் மனம் கோணாமல் இன்னொருவர் நடந்துகொண்டு, எல்லாருமாகச் சேர்ந்து தப்பான சாமானை வண்டியில் ஏற்றினோம். வேறு ஊராக இருந்தால் அந்த இடத்திலேயே சண்டை வந்து நல்ல சாமான் கிடைத்திருக்கும்.

கடை திறந்த அன்று பொள்ளாச்சியில் தெருவை அடைத்துக் கூட்டம். செருப்புகளே வாசல் தாண்டிச் சாக்கடை வரை கிடந்தன. வெங்கடபதி தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாராம்.

பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒவ்வொரு மிசினாக மக்கர் பண்ண ஆரம்பித்தது. இடது பக்கப் பட்டனை அமுக்கினால் மேலே எழும்புவதில்லை. கார் ஆட்டத்தில் எல்லாக் காரும் இடது பக்கமாகவே போய்ச் சுவரில் முட்டின. சூடு ஏறினால் டிவியில் படம் அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் ஈவு இரக்கம் பார்ப்பவர்களா? "அந்தக்கா கடையில பட்டன் ஒட்டிக்குதுடா" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் கடைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். மே மாதம் நடுவில் முன்னறையில் ஆளில்லை. வெங்கடபதி ஒருநாள் வாசல்படியில் நின்று, அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டு, "உங்கம்மாவச் சிரமப்பட வேண்டாம்னு சொல்லு கண்ணு" என்று வர்ஷினியிடம் சொன்னாராம். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

சாந்தாமணி எஸ்டிடி பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க நங்கை. மனசு ஒடஞ்சிரும்" என்றாள்.

சொல்லாமல் இருக்க நான் என்ன சாமியா? போனை வைத்த கையோடு பட்டறைக்குப் போய், வேலை பார்க்கிறவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

அடுத்த நாள் காலை இவர் ஸ்குரூ டிரைவர் சகிதம் பொள்ளாச்சி வந்து இறங்கினார். வழி முழுக்கக் கலீல் பாயைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் கூட இருந்தேன். முன்னறைத் தரையில் உட்கார்ந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கவிழ்த்து, நான்கு திருகாணியையும் கழற்றி, மூடியைத் தூக்கினார்.

உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை அட்டை. அதன் நடுவில் கட்டைவிரல் நகம் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. ஆட்டமெல்லாம் அதற்குள்தானாம். மிச்சம் இருந்த இடமெல்லாம் காலி. அந்தக் காலி இடத்தில், பசை போட்டு ஒட்டி, ஒரு இரும்புக் கட்டி வைத்திருந்தார்கள். எதனோடும் அதற்குத் தொடர்பில்லை. ஒரு ஒயர்கூட அதைத் தொடவில்லை. சும்மா கனத்துக்காக வைத்த கட்டி.

இவர் அதைப் பெயர்த்தெடுத்தார். வழக்கம்போல உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். விரலால் அதன் முகத்தைத் தடவினார்.

"வார்ப்புக்கூட மட்டமுங்க" என்றார் யாரிடமோ.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவ்வளவு சுருங்கிப்போய் நான் அவரைப் பார்த்ததே இல்லை. உலகத்தில் எங்கேயோ ஒரு கம்பெனிக்காரன், கணபதியில் பாலுசாமி என்று ஒருத்தர் இருக்கிறார், அவர் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார் என்று தெரிந்து வைத்திருந்ததைப் போல ஆகிவிட்டது.

"கடையில ஆடிப் பாத்தப்பவே உனக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார்.

சாந்தாமணி சேலைத் தலைப்பைத் திருகினாள். "பட்டன் சரியில்லீன்னு தெரியுமுங்கண்ணா."

"அப்பறம் ஏஞ் சொல்லல?"

"நாலு பேத்துக்கு முன்னால உங்களத் தப்புன்னு எப்படீங்கண்ணா சொல்றது?"

அவர் இரும்புக் கட்டியைத் தரையில் வைத்தார். "இத்தன வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துருக்கறனே. எத்தன பேரு இப்படி மனசுக்குள்ள வெச்சுக்கிட்டே தலையாட்டுனாங்களோ தெரியல."

"நான் வேணும்னா வரிசையாச் சொல்லட்டுங்களா? மதுக்கரை அத்தை ஊட்டு மிக்ஸியில இருந்து ஆரம்பிக்கறேன்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். சாந்தாமணியும் சிரித்தாள். நல்லவேளை.

அன்று மத்தியானமே நான்கு பெட்டியையும் வேனில் போட்டுக்கொண்டு கலீல் பாய் கடைக்கு வந்தோம். வழியில் இவர் யாரையும் திட்டவில்லை. திறந்த பெட்டியையும் கட்டியையும் மேசைமேல் வைத்தார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். காது சிவந்துபோய்விட்டது.

"அல்லாவே. நான் பிரிச்சுப் பாத்ததே இல்லீங்க. கனமா இருக்கறதத்தான் எல்லாரும் கேட்டு வாங்குறாங்கன்னு எடுத்து வெச்சுட்டனுங்க" என்றார். உடனே ஒரு வெள்ளைப் பெட்டியையும் எடுத்துப் பிரித்துக் காட்டினார். அதிலும் அதே பச்சை அட்டைதான், கட்டி மட்டும் இல்லை. பட்டன்களுக்கு அடியில் மெத்தென்று நல்ல ரப்பர் வைத்திருந்தார்கள். "உள்ள இருக்கறது எல்லாத்துலயும் இவ்வளவுதானுங்க. நீங்க தூக்கிப் பாத்தீங்க, தங்கச்சி ஆடிப் பாத்தாங்க. நானும் அன்னிக்கே அவங்களக் கேட்டிருக்கோணும். நாலையும் மாத்திக் குடுத்தர்றனுங்க."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்து தங்கச்சியைத் தன் இடத்தில் உட்காரச் சொன்னார்.

"கண்ணு, எதையெடுக்கலாம்? நீயே சொல்லு."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு சாமானைப் பற்றி அவர் இன்னொருவரிடம் நிஜமாகவே கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாந்தாமணி அவசரப்படவில்லை. வெள்ளையிலேயே ஏழெட்டுப் பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு கார் ஆட்டம், ஒரு டாங்கி ஆட்டம் ஆடினாள். ஒன்றைக் கொஞ்சம் தாமதம் என்று தள்ளி வைத்தாள். ஒன்றில் ஒயர் குட்டை, பிள்ளைகள் இழுப்பார்கள் என்றாள். கேசட்டுகளையும் போட்டுப் பார்த்து, மேலே எத்தனை ஆயிரம் ஆட்டம் என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே அதே பத்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லி, ஆட்டம் குறைவாக இருந்தாலும் தனித்தனியாக இருப்பவற்றைப் பொறுக்கி எடுத்தாள். கலீல் பாய் இரண்டாவது டீ சொன்னார். இவர் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை கை தன்னால் நீண்டு ஒரு வெள்ளைப் பெட்டியின் அடியில் போனது. நான் பார்த்தேன். கையை எடுத்துவிட்டார்.

இரும்புக் கட்டிகள் நான்கையும் பாயிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பட்டறை உலையில் பழைய இரும்போடு போட்டு உருக்கிப் பம்பாக வார்த்துவிட்டார். உடுமலைப் பக்கம் யாரோ ஒரு விவசாயி இன்றைக்கும் வீடியோ கேமில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாது.

மே மாதம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. பிள்ளைகள் சும்மா திரும்பி வந்துவிடவில்லை. முதல் நாள் இரண்டு பேர், அதுவும் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார்கள். சாந்தாமணி கூப்பிடவில்லை. கதவைத் திறந்து வைத்து, தெருவைப் பார்த்தாற்போல ஒரு நாற்காலி போட்டு, தானே உட்கார்ந்து டாங்கி ஆட்டம் ஆடினாள். கடைசிக் கட்டத்துக்கு அவள் போனபோது வாசலில் சின்னக் கூட்டம் நின்றிருந்தது. "அந்தக்கா செமையா ஆடறாங்கடா" என்ற பேச்சு பொள்ளாச்சி முழுக்கப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவளை ஜெயிக்கிறேன் பார் என்று கிளம்பி வந்தவர்கள் சந்தை நாளில் கிராமத்து பஸ்களில் எல்லாம் வந்து இறங்கினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மத்தியான வேளையில் தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்தவர்கள்தான். அப்புறம், "ஏனுங்க அம்மணி, எந்த மிக்ஸி வாங்கலாமுங்க?" என்று கேட்பார்கள். சாந்தாமணி எது நல்லது என்று சொல்லவே மாட்டாள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், ஆட்டுக்கல்லை விட்டுவிடுவீர்களா, யார் போடுவது, யார் கழுவுவது என்று இவளே நாலு கேள்வி கேட்பாள். பதில் சொல்லி முடிக்கும்போது வந்தவர்களுக்கே எதை வாங்குவது என்று தெரிந்துவிடும். இவரிடம் இதைச் சொன்னபோது, "கேள்வியா கேக்கறா? எனக்கு இது தோணவே இல்ல பாரு" என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் பொள்ளாச்சிக்குப் போயிருந்தோம். காலையில் பிள்ளைகள் எல்லாம் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். முன்னறை வெறிச்சென்று கிடந்தது. பதினொரு மணி வாக்கில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. நிறைய யூரியா மூட்டை. முன் சீட்டிலிருந்து வெங்கடபதி இறங்கினார். சொன்ன சொல் மாறாத மனிதர், பிள்ளைகள் போனபின் இனி எங்கே ஓடப்போகிறது என்று பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே வந்துவிட்டார்.

சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழப் போனவள், மடியில் பரப்பி வைத்திருந்த பட்டன்கள் கொட்டிவிடும் என்று அப்படியே நின்றும் நிற்காமலும் இருந்தாள்.

வெங்கடபதி அவளைப் பார்க்கவில்லை. அது மரியாதை. நேராக இவரிடம் வந்தார்.

"வாங்க மச்சான், எப்ப வந்தீங்க? நல்ல நேரத்துலதான் வந்திருக்கறீங்க. ஆவணியில எங்க பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறமல்லங்க? சீருக்கு டிவி எடுக்கோணும். நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, எது நல்லாக் கனமா இருக்குமுங்க?"

இவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், அந்த வாய்க்குள் டிவியைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கான பேச்சு தயாராக இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். கஷ்டப்பட்டுத்தான் மூடினார்.

"என்னைய எதுக்குங்க கேக்கறீங்க மச்சான்? எனக்குத் தூக்கத்தானுங்க தெரியும். அவளக் கேளுங்க. இந்த வீதியே அவளத்தான் கேக்குது."

வெங்கடபதி சுற்றும் முற்றும் பார்த்தார். வர்ஷினியைத் தேடினார் என்று நினைக்கிறேன். வர்ஷினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. தொண்டையைச் செருமினார். தம்பி கல்யாணத்திலிருந்து இன்று வரை நேராகப் பேசாதவளைப் பார்த்து, முதல் தடவையாக நேராகவே கேட்டார்.

"எத எடுக்கலாமுங்க அம்மணி?"

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அவள் மெதுவாக, பட்டன் ஒன்றுகூடக் கீழே விழாமல், மறுபடி நாற்காலியில் சரியாக உட்கார்ந்தாள்.

"உக்காருங்க" என்றாள், எதிரில் இருந்த பிள்ளைகளின் பெஞ்சைக் காட்டி.

பெரிய மீசையும் வெள்ளை வேட்டியுமாக அவர் அந்தக் குட்டை பெஞ்சில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள ஊட்டுல யாரு யாருங்க டிவி பாப்பாங்க?"

"மாப்பிள்ளையோட அம்மா இருக்கறாங்க. கண்ணு கொஞ்சம் மங்கல். பகலெல்லாம் அவிய மட்டுந்தான் பாப்பாங்க."

"அப்படீன்னா பட்டன் பெருசா இருக்கற ரிமோட்டா பாக்கோணுமுங்க. அந்த ஊருல கரண்டு எப்படீங்க? சாயங்காலம் மோட்டார் போட்டா வெளிச்சம் கொறையுதுங்களா?"

அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அவள் அடுத்ததைக் கேட்டாள். இவர் ஒரு ஓரமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்க்கும் தகப்பன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டெம்போ டிரைவர் பொறுமை இழந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மூட்டைய இங்கதான எறக்கறது?"

வெங்கடபதி பேச்சு தடைபட்ட எரிச்சலில் திரும்பினார். "பேசிக்கிட்டிருக்கறது தெரியலயாப்பா? கடைக்குப் பொறத்தால கொட்டாயில கொண்டுபோய் எறக்கு. இங்க எங்க எடமிருக்குது?" என்றார். சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்க அம்மணி" என்று மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

டெம்போ பின்னால் நகர்ந்து வீதியில் திரும்பிப் போனது. சாந்தாமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டெபிலைசர் எதற்கு என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.